கனவுக்குள்ள சோதனை செஞ்சும் 'இது கனவு'ன்னு உறைக்கல, வழி சொல்லுங்க

லூசிட் ட்ரீம், அதாவது கனவு காணும்போதே 'இது கனவு'ன்னு தெரிஞ்சுக்கிறது, பழகுறேன். ஊர் காரைக்குடி, சித்திரையிலருந்து. 'இது கனவா, நிஜமா'ன்னு பகல்ல செய்ற சோதனை கனவுலயும் வந்துருது. ஆனா கனவுன்னு தெரிய மாட்டேங்குது.

பழைய வளவு வீடு. ஒவ்வொரு வாசல் நிலையைத் தாண்டும்போதும் தரையில பதிச்ச ஆத்தங்குடிக் கல்லுல உள்ள பூவைப் பார்த்து, கண்ணை எடுத்துட்டு மறுபடி பார்க்கிறது பழக்கம். கனவுல பூ மாறணும். மாறுறதே இல்லை! பார்த்துப் பார்த்து மனப்பாடமான பூ, மனசு அப்படியே வரைஞ்சு குடுத்துருதுன்னு நினைக்கிறேன். பட்டாலையிலருந்து அடுப்படி வரைக்கும் நிலைக்கா பஞ்சம்? சோதனை வெறும் அனிச்சையா ஆயிருச்சோன்னும் சந்தேகம்.

இன்னொரு சோதனை, மூக்கைப் பொத்திக்கிட்டு மூச்சு இழுக்குறது (மூச்சு வந்தா கனவு). அது கனவுல ஞாபகமே வரல. 5 மணி நேரம் தூங்கி எந்திரிச்சு, அரைமணி முழிச்சிருந்து, 'அடுத்த கனவை அடையாளம் கண்டுக்குவேன்'னு சொல்லிக்கிட்டே படுத்தா தூக்கமே போயிருது. குறிப்பேடு தினமும் எழுதுறேன், கனவு நல்லா ஞாபகம் இருக்கு. மாத்திரை யோசனை வேண்டாம்.

வாசல் நிலையைத் தாண்டும்போது சோதிக்கிறதை அப்படியே வச்சுக்கிட்டு பூவுக்குப் பதிலா மூக்குச் சோதனைக்கு மாறலாமா, இல்ல விசித்திரமா ஏதாச்சும் கண்ணுல பட்டா மட்டும் சோதிக்கணுமா?