குழந்தை காணோம்னா கவர்மென்ட் ஊருக்கே சொல்லணுமா? - விவாதம்

சேலத்து செந்தில்:
நேத்து எங்க அபார்ட்மென்ட் குரூப்ல ஒரு குழந்தை போட்டோ வந்துச்சு. "காலைல இருந்து காணோம், மேக்ஸிமம் ஷேர் பண்ணுங்க"ன்னு ஒரு செல் நம்பரோட. தேதி இல்ல, ஊர் இல்ல, எந்த ஸ்டேஷன்ல கம்ப்ளைன்ட்னு இல்ல. நம்புறதா வேணாமா? முன்னாடி தூர்தர்ஷன்ல "காணாமல் போனவர்கள் பற்றிய அறிவிப்பு" வரும்ல, வயசு, உயரம், நிறம், என்ன சட்டைன்னு நிதானமா வாசிப்பாங்க, கவர்மென்ட் சொல்றதுன்னு ஒரு நம்பிக்கை இருந்துச்சு. 2023ல பேரிடர் டெஸ்டுன்னு எல்லார் போனும் ஒரே நேரத்துல அலறுச்சே, அதே செல் பிராட்காஸ்ட்ல குழந்தை போட்டோவை அந்த மாவட்டத்துக்கு மட்டும் அனுப்பினா என்ன கெட்டுப்போகும்? அமெரிக்காவுல குழந்தையைக் கடத்திட்டா போன், டிவின்னு ஊருக்கே சொல்ற ஆம்பர் அலர்ட்னு வருஷக்கணக்கா பண்றாங்க.

தாம்பரம் கணேஷ்:
செல் பிராட்காஸ்ட்ல எழுத்துதான் போகும் ப்ரோ, போட்டோ போகாது.

சேலத்து செந்தில்:
லிங்க் போகும்ல. போதும்.

வக்கீல் மீனா:
ஆம்பர் அலர்ட் எப்ப விடுவாங்கன்னு பாத்துட்டு பேசுங்க சார். 1996ல டெக்சாஸ் ஆர்லிங்டன்ல ஒரு ஒன்பது வயசு பொண்ணைக் கடத்திக் கொன்னதுக்கு அப்புறம் வந்தது அது. காணாமப்போன எல்லாக் குழந்தைக்கும் விடறதில்ல. கடத்தல்னு போலீஸ் நம்பணும், உயிருக்கு ஆபத்துன்னு தெரியணும், அடையாளம் சொல்ற அளவுக்கு தகவல் கையில இருக்கணும், அப்பதான். இங்க காணோம்னு வர்ற கேஸ்ல நிறைய, வீட்ல அடிச்சாங்க, மார்க் கம்மி, பிடிக்காத கல்யாணம்னு தானா கிளம்பிப் போன பிள்ளைங்க. அதுங்க மூஞ்சியை மாவட்டம் முழுக்க அனுப்பிட்டா, திரும்பி வந்ததுக்கு அப்புறம் அதே ஸ்கூலுக்கு எப்படிப் போகும்? ஜேஜே சட்டம் 2015, அதாவது சிறார் நீதிச் சட்டம், பிரிவு 74 படிங்க. பேரு, ஸ்கூல், அட்ரஸ், போட்டோ எதையும் மீடியாவுல போடக் கூடாது, போட்டா ஆறு மாசம் வரைக்கும் ஜெயில் இல்லன்னா 2 லட்சம் வரைக்கும் அபராதம், ரெண்டும் கூட சேர்த்து.

ரிட்டயர்டு ஏட்டு:
மேடம் சொல்றது சரி, ஆனா அதே பிரிவுலயே குழந்தைகள் நலக்குழு காரணத்தை எழுத்துல பதிஞ்சு அனுமதி குடுத்தா போடலாம்னும் இருக்கு. அந்தச் சட்டத்துக்கு மத்திய அரசு போட்ட 2016 மாதிரி விதிகள்ல, குழந்தை காணோம்னா போட்டோ வாங்கி மீடியா வரைக்கும் அனுப்புங்கன்னு எங்களுக்கே சொல்லியிருக்காங்க. ஒரு கையில போடாதேங்குது, இன்னொரு கையில போடுங்குது, நடுவுல ஸ்டேஷன் ரைட்டர் முழிக்கிறார். செந்தில் தம்பி, நீங்க நினைக்கிற மாதிரி முதல் தடங்கல் டெக்னாலஜி இல்ல. அப்பா அம்மா பதறிட்டு வருவாங்க, போன்ல இருக்கிற ஒரே போட்டோ காது குத்துன அன்னைக்கு எடுத்தது, குழந்தைக்கு மொட்டைத் தலை, இப்ப அது நாலாவது படிக்குது. என்ன சட்டை போட்டிருந்துச்சுன்னு கேட்டா அப்பா ஒரு கலர் சொல்வார், அம்மா ஒரு கலர் சொல்லும், பக்கத்து வீட்டுப் பாட்டிதான் சரியா சொல்லும். மைக்ல சொல்லி பஸ் ஸ்டாண்ட் அவுட்போஸ்ட், ரயில்வே போலீஸ்னு போறதுக்குள்ள குழந்தை எந்த பஸ்ல இருக்கோ. இதுல சில ஸ்டேஷன்ல "ரெண்டு நாள் சொந்தக்காரங்க வீட்ல தேடுங்க"ன்னு எஃப்ஐஆர் போடாம, புகார் வாங்கினதுக்கு ஒரு சிஎஸ்ஆர் ரசீதோட அனுப்பிவிட்டது எனக்கும் தெரியும்.

சேலத்து செந்தில்:
அதுக்குத்தானே சுப்ரீம் கோர்ட் 2013லயே சொல்லிருச்சு, குழந்தை காணோம்னா கண்டிப்பா எஃப்ஐஆர், கடத்தல் இல்லன்னா ஆள்கடத்தல்னு எடுத்துக்கிட்டே விசாரிக்கணும், நாலு மாசத்துல கிடைக்கலன்னா ஆள்கடத்தல் தடுப்புப் பிரிவுக்கு மாத்தணும்னு. அப்ப கோர்ட்டே இதைக் கடத்தலா பாருங்கன்னு சொல்லும்போது மேடம் "தானா கிளம்பிப் போனது"ன்னு எப்படி முதல் மணி நேரத்துலயே முடிவு பண்றீங்க?

வக்கீல் மீனா:
நான் முடிவு பண்ணல. போலீஸ் அப்படி எடுத்துக்கிட்டு விசாரிக்கட்டும், தெருவுல இருக்கிறவங்க எடுத்துக்கக் கூடாதுங்கறேன். ரெண்டும் வேற.

போளூர்க்காரன்:
மேடம் சொன்னதுக்கு எங்க ஊர்ப்பக்கமே சாட்சி. 2018 மே மாசம், குழந்தை கடத்துறவங்க வந்திருக்காங்கன்னு வாட்ஸ்அப்ல சுத்திக்கிட்டிருந்த நேரம், சென்னையில இருந்து கோயிலுக்கு வந்த ஒரு வயசான அம்மா, வழியில பிள்ளைங்களுக்கு சாக்லேட் குடுத்தாங்கன்னு கூட்டமா சேந்து அடிச்சே கொன்னாங்க. அந்த நேரத்துல கவர்மென்ட்டே "குழந்தை கடத்தல்"னு எல்லார் போனுக்கும் அலாரம் அடிச்சிருந்தா? ரோட்ல குழந்தையைத் தூக்கிட்டுப் போற மாமன் சித்தப்பனை எல்லாம் நிறுத்தி அடிச்சிருப்பானுங்க. வடநாட்டுக்காரன்னா இன்னும் மோசம்.

சேலத்து செந்தில்:
போளூர் அண்ணே, அன்னைக்கு பரவுனது பூராவும் வதந்தி. உண்மையான தகவல் ஒரு இடத்துல அதிகாரப்பூர்வமா கிடைச்சிருந்தா "சைட்ல இல்ல, அப்ப பொய்"னு நாலு பேராவது சொல்லியிருப்பாங்க. கவர்மென்ட் வாய மூடுற இடத்துலதான் வாட்ஸ்அப் பேசுது.

உசிலை அகிலா:
நீங்க எல்லாரும் காணோம்னு கம்ப்ளைன்ட் குடுக்கிற வீட்டைப் பத்தியே பேசுறீங்க. எங்க பக்கத்துல இருந்து மகாராஷ்டிரா பக்கம் முறுக்கு கம்பெனிக்கு பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போனாங்களே, அட்வான்ஸ் வாங்கின வீடு ஸ்டேஷன் படியேறுமா? அப்படியே ஏறினாலும் பையன் போட்டோ மதுரை மாவட்டத்துல அலறி என்ன பிரயோஜனம், பையன் இருக்கிறது ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி, அங்க பாக்கிறவனுக்கு மராத்தியில தெரியணும். இதுக்குத்தான் காணாமப்போன, கிடைச்ச குழந்தைங்க விவரத்தைப் போட டிராக்சைல்டுன்னு ஒரு போர்ட்டல், 2015ல பொதுமக்களே தகவல் போடற மாதிரி கோயா பாயான்னு ஒண்ணு, அப்புறம் எல்லாத்தையும் மிஷன் வாத்சல்யான்னு மத்திய அரசோட குழந்தைகள் நலத் திட்ட போர்ட்டல்ல சேத்தாங்க. பேரே இந்தி, உசிலம்பட்டில யாருக்குப் புரியும். பேரைப் போட்டுத் தேடினா முத்துப்பாண்டியை இங்கிலீஷ்ல நாலு விதமா எழுதலாம், இங்க ஒரு மாதிரி அங்க ஒரு மாதிரி எழுதியிருந்தா ரெண்டும் சேரவே சேராது.

தாம்பரம் கணேஷ்:
அதுக்குத்தான் முகத்தை வச்சுத் தேடற சாஃப்ட்வேர் இருக்கே அக்கா. 2018ல டெல்லி போலீஸ் ஹோம்ல இருந்த 45,000 குழந்தைங்க போட்டோவை ஓடவிட்டு நாலே நாள்ல 3,000 பேர்கிட்ட அடையாளம் கண்டுபிடிச்சாங்கன்னு நியூஸ் வந்துச்சு. எவனுக்கும் போட்டோ காட்டவே வேணாம், மேடமும் ஹேப்பி.

வக்கீல் மீனா:
அடுத்த வருஷம் டெல்லி ஹைகோர்ட்ல என்ன சொன்னாங்கன்னும் படிங்க கணேஷ். துல்லியம் ஒரு சதவீதம் கூட இல்ல, ஆணா பெண்ணான்னே பிரிச்சுப் பாக்கத் தெரியலன்னு கவர்மென்ட் தரப்பே சொல்லுச்சு. ஹேப்பி எல்லாம் இல்ல.

ரிட்டயர்டு ஏட்டு:
கிடைச்ச குழந்தைங்க பட்டியலைத்தான் முதல்ல ஒழுங்கா போடணும், அதைப் பத்தி யாருமே பேசல. குழந்தைகள் உதவி எண் 1098க்கு போன் வந்து ஸ்டேஷன்ல, ரயில்ல மீட்டு ஹோம்ல விட்ட பிள்ளைங்க எவ்வளவோ, பேச்சு வராத குழந்தை, ஊர் பேர் "பெரிய பாலம் பக்கத்துல"ன்னு மட்டும் சொல்ற குழந்தை. அப்பன்காரன் ஒரு ஊர்ல தேடிட்டிருப்பான், பிள்ளை அடுத்த மாநில ஹோம்ல வேற பேர்ல சாப்பிட்டுட்டிருக்கும். இன்னொண்ணு, நோட்டீஸ்ல அப்பா அம்மா செல் நம்பரை மட்டும் போடாதீங்க. "உன் பிள்ளை எங்ககிட்ட இருக்கு, ஜிபே பண்ணு"ன்னு எங்கெங்க இருந்தோ போன் வரும், பதட்டத்துல அனுப்பிடுவாங்க. ஸ்டேஷன் நம்பர், எஃப்ஐஆர் நம்பர், அவ்வளவுதான்.

சேலத்து செந்தில்:
இதைத்தான் ஏட்டய்யா நானும் கேக்கறேன். எஃப்ஐஆர் நம்பரோட அரசு நோட்டீஸ், மூணு நாள் ஓடட்டும், கிடைச்சதும் லிங்க்கை திறந்தா "கிடைத்துவிட்டார்"னு மட்டும் வரட்டும், போட்டோ பேரு எதுவும் வேணாம். நாங்க அனுப்பற ஃபார்வர்டை எவனாலயும் திரும்பி வாங்க முடியாது, லிங்க்கை வாங்க முடியும்.

வக்கீல் மீனா:
ஸ்கிரீன்ஷாட்னு ஒண்ணு இருக்கு சார். சரி, பன்னெண்டு வயசுக்குக் கீழன்னா நான் சண்டை போட மாட்டேன், ஆனா நலக்குழு அனுமதி வேணும்.

சேலத்து செந்தில்:
ராத்திரி பதினோரு மணிக்கு குழு எங்க உக்காந்திருக்கும்?

ரிட்டயர்டு ஏட்டு:
குழு கூடாத நேரத்துல ஒரு மெம்பர் முன்னாடி குழந்தையை ஆஜர்படுத்தலாம்னு சட்டத்துல இருக்கு தம்பி, நாங்களே ராத்திரில மெம்பர் வீட்டுக் கதவைத் தட்டியிருக்கோம். போட்டோ அனுமதிக்கும் அதே வழியை வச்சா முடிஞ்சுது.

வக்கீல் மீனா:
அப்படி ஒரு விதி கொண்டு வந்தா ஆட்சேபணை இல்ல. பதினாறு பதினேழு வயசுப் பொண்ணுங்களை மட்டும் அதுல சேர்க்கக் கூடாது. எந்த வீட்டுக்குத் திரும்பப் போகப் பயந்து ஓடுச்சோ, அந்த வீட்டு ஆளுங்களுக்கே கவர்மென்ட் செலவுல தேடிக் குடுக்கிற வேலை அது.

உசிலை அகிலா:
வேலை வாங்கித் தர்றேன்னு கூட்டிட்டுப் போய் விக்கிறதும் அதே வயசுப் பொண்ணுங்களைத்தான் மேடம். அதுக்கு என்ன வழின்னு சொல்லிட்டு அப்புறம் சேர்க்க வேணாம்னு சொல்லுங்க.