திராட்சைப் பந்தலும் பேரூரும்: போனவங்க உங்க அனுபவத்தைச் சொல்லுங்க

கோவைப்புதூர் அக்கா:
போன ஞாயித்துக்கிழமை நானும் வீட்டுக்காரரும் பொண்ணும், பூனாவுல இருந்து வந்த கொழுந்தனாரும் போனோம். பேரூர்ல சாமி கும்பிட்டுட்டு மாதம்பட்டி வழியாத் தொண்டாமுத்தூர்ப் பக்கம். பந்தல் எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும். கொழுந்தனார் வழியெல்லாம் "நாசிக் மாதிரி வைன் ருசி பார்க்கலாமா அண்ணி"ன்னு கேட்டுட்டே வந்தார். இங்க ஏது அதெல்லாம், சாப்பிடற பழந்தான்.

நான் சொல்ல வந்தது அந்தத் தோட்டத்து அமுச்சியப் பத்தி. எழுபத்தஞ்சு வயசிருக்கும். என் பொண்ணு கொத்தைக் கையால இழுக்கப் போனா. "இரு கண்ணு"ன்னு காம்பை ரெண்டு வெரல்ல பிடிச்சுக் கத்தரியில வெட்டி, பழத்து மேல வெரலே படாம அவ கையில கொடுத்தாங்க. பழத்து மேல வெள்ளையாப் புகை படிஞ்ச மாதிரி இருந்துச்சு. பொண்ணு ஒண்ணைத் தொட்டா, பெருவிரல் ரேகை அப்படியே கருப்பாப் பதிஞ்சது. "பாத்தியா, உன் கையெழுத்து"ன்னு அமுச்சி சிரிச்சாங்க.

கிளம்பும்போதுதான் பார்த்தேன், அக்கட்டால பாதிப் பந்தலைக் காணோம். கல்தூணையெல்லாம் பிடுங்கி வேலியோரமா அடுக்கியிருக்கு. "பையன் தென்னை வெக்கறானாமா. கொடியை வெட்டிவிடற கவாத்துக்கு ஆள் கிடைக்கல, மருந்துச் செலவு கட்டல. அடுத்த வருசம் வந்தா இருக்காது சாமி"ன்னாங்க. நான் "சரிங்க"ன்னுட்டு வண்டியேறிட்டேன். அந்த "சரிங்க" நாலு நாளா உறுத்துதுங்க. வேற ஏதாச்சும் சொல்லியிருக்கோணும்.

சிங்காநல்லூர்க்காரன்:
வெள்ளையா இருந்ததுன்னா அது மருந்துங்க அக்கா. குழந்தைக்குக் கழுவாமக் கொடுத்துடாதீங்க. எங்க அத்தை பையனுக்கு ஒரு தடவை வயித்தால போய் ரெண்டு நாள் படுத்துட்டான்.

நரசீபுரம்:
அக்கா, பேரூரை ஒரே வரியில தாண்டிட்டீங்களே! எனக்கு அங்கதான் நடந்தது.

ரெண்டு வருசம் முன்னால, ராத்திரி ஒத்தை யானை எங்க தோட்டத்துக்குள்ள வந்துச்சு. வாழைக்குத்தான் வந்தது, திராட்சையைத் தொடவே இல்லை. போற வழியில ஒரு தூணை உரசியிருக்கு. பந்தல்ல ஒண்ணு சாஞ்சா கம்பி மத்ததையும் இழுத்துட்டுப் போகும். விடிஞ்சு பார்த்தா பதினாலு தூண் ஒடிஞ்சு கிடக்கு, பழுக்கப் போற கொத்தெல்லாம் மண்ணுல.

அன்னைக்கு அமாவாசை. அப்பாவுக்குத் திதி கொடுக்கப் பேரூர்ப் படித்துறைக்குப் போயிட்டு, அப்படியே கோயிலுக்குள்ள போனேன். கனகசபை தெரியுமில்லீங்க, நடராசர் மண்டபம், 17ஆம் நூற்றாண்டுல அளகாத்திரி நாயக்கர் கட்டினது. மேல கல்சங்கிலி தொங்கும், எல்லாரும் அண்ணாந்து அதைத்தான் பார்ப்பாங்க. கீழே ஒரு தூண்ல யானைத்தோலை உரிச்சு விரிச்சுப் பிடிச்சு நிக்கிற சிவன். சின்ன வயசுல இருந்து பார்க்கிற சிலைதான், சாமியோட கால்நகம் வரைக்கும் எனக்குத் தெரியும். அன்னைக்குக் கண்ணு சாமி முகத்துக்குப் போகவே இல்லை, காலுக்கடியில இருந்த அந்த யானைத்தலை மேலயே நின்னுபோச்சு. ராத்திரி முழுக்க அதைத் திட்டியிருந்தேன். அங்க நின்னு கோபப்படவும் முடியல, பாவம்னு நினைக்கவும் முடியல. இன்னும் அந்தத் தூண் பக்கம் போனா வேகமா நடந்துருவேன்.

விவசாயி மகன்:
சிங்காநல்லூர்க்கார அண்ணா சொல்றது தப்புங்க. பழம் முழுக்க ஒரே சீரா, தொட்டா ரேகை பதியற மாதிரி இருக்கிற வெள்ளை பழத்தோட சொந்த மெழுகு. அது கலையாம இருந்தாத்தான் பறிச்சு நேரமாகலைன்னு வியாபாரி நம்புவார். அதுக்குத்தான் அமுச்சி காம்பைப் பிடிச்சாங்க. மருந்துக்கறை வேற மாதிரி: சொட்டு ஓடி, பழத்தோட அடியில திட்டா உறைஞ்சு நிக்கும், நீலம் பாரிச்சிருக்கும். எப்படி இருந்தாலும் கழுவுங்க, உப்புத் தண்ணியில கொஞ்ச நேரம் போட்டு வெச்சு ரெண்டு தடவை அலசுங்க. பிரிட்ஜுல வெக்கறதா இருந்தா கழுவாம வெச்சு, திங்கும்போது கழுவுங்க, இல்லைன்னா சீக்கிரம் அழுகிடும்.

அந்த நீலம் போர்டோ கலவை. 100 லிட்டர் தண்ணிக்கு ஒரு கிலோ மயில்துத்தம் (செம்பு உப்பு), ஒரு கிலோ சுண்ணாம்பு. பிரான்சுல வைனுக்குப் பேர்போன போர்டோ பக்கம், வழிப்போக்கர் பழத்தைத் திருடாம இருக்க ரோட்டோரக் கொடியில இதைத் தெளிச்சாங்களாம். அந்தக் கொடிக்கு மட்டும் அடிச்சாம்பல் நோய் வரலைன்னு 1880கள்ல மில்லார்டேங்கிறவர் கண்டுபிடிச்சார். எங்கப்பா கலக்கி முடிச்சதும் அரிவாளை உள்ளே முக்கி எடுப்பார். இரும்பு மேல செம்பு நிறம் ஏறினா இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு போடுவார். கடைசியா அவர் கலக்கினன்னைக்கு, கண்ணு சரியாத் தெரியாம அரிவாளை என்கிட்ட நீட்டி "செவந்திருக்கா பாருடா"ன்னார். அந்த அரிவாள் இப்ப எங்க வீட்டுப் பரண்ல இருக்கு, பந்தல்தான் இல்லை.

பீளமேடு:
அக்கா கொழுந்தனார் கேட்டதுல தப்பில்லைங்க. மோட்டார் பம்ப் வேலையா நாசிக் போனப்ப நானும் ஒரு வைன் தோட்டம் பார்த்தேன். காலையில திரியம்பகம், கோதாவரி பிறக்கிற ஊர். மத்தியானம் தோட்டம். ஒவ்வொரு கோப்பையா மோந்து பார்க்கச் சொன்னாங்க. ஒரு கோப்பையில மூக்கை வெச்சதும் எங்கப்புச்சி மடியில கொண்டு வர்ற பன்னீர் திராட்சை வாசம்! கேட்டா மஸ்கட் இனம்னாங்க. நம்ம பன்னீர் திராட்சையும் மஸ்கட் ஹாம்பர்க்தானே. குடிக்காம அந்தக் கோப்பையையே பிடிச்சுட்டு நின்னேன், கூட வந்தவங்க பஸ் ஏறிட்டாங்க. நம்ம ஊர்ப் பழத்துக்கும் இப்படி ஒரு வழி இருந்திருந்தா அமுச்சி தூணைப் பிடுங்க வேண்டியிருக்காது.

விவசாயி மகன்:
வழி இருந்தாலும் கவாத்துக்கு ஆள் வேணுமில்லீங்க?

நரசீபுரம்:
அது கிடக்கட்டும். கோவைப்புதூர் அக்கா, ஒரு உதவி. வேலியோரம் அடுக்கியிருந்த கல்தூணை விக்கறாங்களான்னு அந்த அமுச்சிகிட்டக் கேட்டுச் சொல்ல முடியுமா? ரெண்டு வருசமா மூங்கில் முட்டுக் கொடுத்துதான் ஓட்டிட்டு இருக்கேன். எனக்குப் பதினாலு போதும்.

கோவைப்புதூர் அக்கா:
தோட்டத்து நம்பர் வாங்காம வந்துட்டேங்க. நாளைக்கு நேர்லயே போறேன். தூண் எத்தனை அடி வேணும்?