புதுப்பிப்பு: கம்பளத்தை நனைத்த நாய்க்குட்டி இப்போது எப்படி?

மூன்று மாதக் குட்டி வெளியே சும்மா நின்றுவிட்டு, உள்ளே வந்ததும் கம்பளத்தில் சிறுநீர் போகிறது என்று முன்பு இங்கே புலம்பி, யோசனை கேட்டிருந்தேன். இப்போது பெரும்பாலும் வெளியேதான்.

நீங்கள் சொன்னபடி தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும் உடனே தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். இந்த வயதில் பகலில் சுமார் 3 மணி நேரம்தான் அடக்குமாம். விளையாட்டு மும்முரத்தில் அதுவும் கிடையாது. மூக்கைத் தரையில் ஒட்டிக்கொண்டு வட்டமடித்தால் ஆபத்து நெருங்கிவிட்டது என்று அர்த்தம். போய் முடித்த கையோடு அங்கேயே தீனி கொடுத்துவிட வேண்டும். வீட்டுக்குள் வந்து கொடுத்தால் எதற்கென்றே அதற்குப் புரியாது.

கறைக்கு என்சைம் கிளீனர்தான் (சிறுநீரைச் சிதைத்து வாடையைப் போக்கும் திரவம்) சரி. அமோனியா கலந்தது வேண்டாம், குட்டிக்கு அது சிறுநீர் வாடைதான். குட்டியின் மூக்கைப் பிடித்துச் சிறுநீரில் தேய்க்கச் சொன்னவர்களுக்கு ஒரு கும்பிடு, அந்த யோசனை வேண்டவே வேண்டாம்! அப்புறம், நடுராத்திரியில் மட்டும் இன்னும் எங்களை எழுப்பிவிடுகிறது.