மறுமொழி: யாழினி போன்ற பெயர்களுக்கு ஒரு சொல் – ‘வனைபெயர்’

அன்புள்ள நண்பர்களுக்கு,

> ‘ஆக்கப்பெயர்’ என்றே வைத்துக்கொள்ளலாமே?

ஐயா, அது வேண்டாம் என்று நினைக்கிறேன். தொழிலாளி, அறிவாளி போன்ற சொற்களை விளக்கும்போது இலக்கணப் பாடத்தில் ஆக்கப்பெயர் என்கிறோம். ‘புதுப்பெயர்’ என்றால் பெயர் மாற்றிக்கொண்டவர் நினைவுக்கு வருவார். நம் பெயர்த் தொகுப்புக்கு வேண்டியது, பழைய வேரும் பழைய விகுதியும் சேர்த்து நம் காலத்தில் உருவான பெயருக்கு ஒரு சொல். என் பரிந்துரை ‘வனைபெயர்’. வனைதல் என்றால் மண்ணைப் பானையாக உருவாக்குவது. மண் பழையது, பானை புதியது. வினைத்தொகை என்பதால் நடுவில் ஒற்றும் மிகாது.

யாழினியையே பாருங்கள். சங்கப் புலவர் வரிசையில் யாழினி இல்லை. ஆனால் பாணர் குலப் பாடகியைக் குறிக்கும் பாடினி உண்டு. காக்கைபாடினியார் நச்செள்ளையார் பெயரிலேயே இருக்கிறது. பாடு, பாடினி, யாழ், யாழினி. யாழ் ஏந்திய பாணரோடு ஊர் ஊராக நடந்தவளின் சாயல் அந்த ‘இனி’யில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அப்புறம் 66ஆம் குறளில் ‘குழல்இனிது யாழ்இனிது’ என்று வருகிறதே, அதைச் சேர்த்துச் சொன்னாலே பாதிப் பெயர் காதில் விழுந்துவிடும். மழலைக்கு முன் யாழ் எம்மாத்திரம் என்கிறது குறள். இருந்தும் அந்த மழலைக்கே யாழின் பெயரை வைக்கிறோம். எனக்கு இந்தப் பெயரில் மிகவும் பிடித்தது இதுதான். வாசிக்க ஆள் அரிதாகிப்போன கருவி, நாளுக்கு நூறு முறை வீட்டில் கூப்பிடும் பெயராகிவிட்டது.

என் மகள் பெயரும் யாழினிதான். இங்கே பெங்களூர் அல்சூரில் பக்கத்து வீட்டுக் கன்னட அம்மா அவளை ‘யாளினி’ என்பார். முதலில் திருத்தப் பார்த்தேன், பிறகு விட்டுவிட்டேன். அவர் மொழியில் ஏழு ‘ஏளு’, மழை ‘மளெ’, கோழி ‘கோளி’. பழங்கன்னடத்தில் ழகரத்துக்குத் தனி எழுத்தே இருந்து வழக்கொழிந்தது. ஆங்கில எழுத்தைப் பார்த்துப் பள்ளியில் ‘யாஜினி’ என்றபோதுதான் வலித்தது. மகளே எழுந்து ழகரம் சொல்லிக் காட்டிவிட்டு வந்தாள். அல்சூர் ஏரிக்கரைத் திருவள்ளுவர் சிலையை (18 ஆண்டுகள் மூடிக் கிடந்து 2009இல் திறந்தது) கடக்கும்போதெல்லாம் அவளுக்கு அந்தக் குறளைச் சொல்லச் சொல்வேன்.

> புனைபெயரோடு குழம்பாதா?

குழம்பாது அக்கா. புனைபெயர் ஒருவர் தானே சூடிக்கொள்வது, வனைபெயரோ பெற்றோர் பிள்ளைக்குச் சூட்டுவது. ஓசை ஒத்திருப்பதால் மனத்தில் எளிதாக நிற்கும் என்பதே என் எண்ணம்.

ஒரு சிக்கல் மட்டும் பாக்கி. எழினி இப்போது பெண்குழந்தைகளுக்கு வைக்கிற பெயர். ஆனால் அதியமான் மகன் பொகுட்டெழினியை ஔவையாரே பாடியிருக்கிறார். பெயர் பழையது, பால்தான் மாறியிருக்கிறது. இதை வனைபெயரில் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை. இந்த வகைக்குத் தனிச்சொல் வேண்டுமா, சொல்லுங்கள்.

அன்புடன்,
அல்சூரிலிருந்து