சேர்வரில் கழற்றிய 100 அம்பியர் பவர் சப்ளையை வயரிங் கடையில் பாவிக்கலாமா?

ஓந்தாச்சிமடத்தான்:
களுவாஞ்சிக்குடியில் வாகன வயரிங் கடை வைத்திருக்கிறேன். பழைய இரும்பு எடுப்பவரிடம் சேர்வர் கொம்பியூட்டரில் இருந்து கழற்றிய பவர் சப்ளை ஒன்று வாங்கினேன். வயர் ஒன்றும் வெளியே வரவில்லை, பின்பக்கம் தங்க நிறக் கால்கள் உள்ள தகடு மட்டும்தான். லேபிலில் டிபிஎஸ்-1200எஃப்பி, 12 வோல்ட், 100 அம்பியர் என்றிருக்கிறது. கரண்ட் கொடுத்தாலும் பெரிய கால்களில் 12 வோல்ட் வரவில்லை. மாரி மழையில் வேலை குவியும்போது கடைப் பெட்டரி சீக்கிரம் இறங்கிவிடுகிறது, அதனால் ஹெட்லைற், ஹோர்ன், வைப்பர் மோட்டர் எல்லாம் இதில் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். ஸ்டார்ட்டரும் சுற்றுமா? பெட்டரி சார்ஜ் போடலாமா?

கல்முனை வயர்மேன்:
சப்ளை பழுதில்லை தம்பி. சேர்வர் "எழும்பு" என்று சொன்னால்தான் இந்த வகை எழும்பும். சின்னக் கால்களில் 33க்கும் 36க்கும் இடையே 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றை ஒட்டினால் மெயின் 12 வோல்ட் வரும். எந்தப் பக்கத்தில் இருந்து எண்ணுவது என்பதில்தான் ஆட்கள் குழம்புவார்கள், அதனால் நம்பர் போட்ட படம் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒட்டுங்கள். பிறகு 55 வாட் ஹெட்லைற் பல்ப் ஒன்றைப் போட்டுப் பாருங்கள், நாலரை அம்பியர் அளவில் இழுக்கும், வோல்டேஜ் அசையக் கூடாது. 100 அம்பியர் என்பது நம்முடைய 230 வோல்ட்டுக்குத்தான், 110 வோல்ட் நாடுகளில் இதே பெட்டி 75 அம்பியர்தான் தரும்.

மூடியை மட்டும் திறக்க வேண்டாம். உள்ளே பெரிய கப்பாசிட்டரில் 400 வோல்ட் அளவில் நிற்கும், ப்ளக்கைக் கழற்றிய பிறகும் கொஞ்ச நேரம் இருக்கும்.

கல்லடிப் பாலத்தடி:
ஸ்டார்ட்டரை இதில் கொடுக்காதீர்கள். நின்ற இடத்தில் இருந்து சுற்றத் தொடங்கும்போது கார் ஸ்டார்ட்டர் சில நூறு அம்பியர் இழுக்கும், சப்ளை தன்னைக் காப்பாற்றிக்கொள்ள உடனே நின்றுவிடும். அந்த வேலைக்கு பெட்டரிதான் சரி. சார்ஜுக்கும் இது தோதில்லை. ஈய பெட்டரி நிரம்ப 14.4 வோல்ட் அளவு வேண்டும், இது 12க்கு மேல் போகாது. வண்டியில் பெட்டரி பூட்டியபடி இதைக் கொடுத்தால் பெட்டரியின் 12.7 வோல்ட் சப்ளைக்குள் திரும்பித் தள்ளப் பார்க்கும், ஆகவே பெட்டரி வயரை முதலில் கழற்றுங்கள்.

எனக்குப் பயம் வேறொன்றில். ஹோர்ன் வயர் எங்காவது வண்டிப் பொடியில், அதாவது இரும்பு உடலில், ஷோர்ட் ஆகி 60 அம்பியர் ஓடினால், இந்தச் சப்ளைக்கு அது சாதாரண லோட். நிற்காது. வயர்தான் உருகி எரியும். அதனால் சப்ளையில் இருந்து நேரே கிளிப் எடுக்க வேண்டாம். 25 சதுர மில்லிமீற்றர் செப்பு வயரில் ஒரு பியூஸ் பெட்டிக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து 10, 15, 30 அம்பியர் பியூஸோடு தனித்தனி லைன் எடுங்கள். வயர் நுனியில் போடும் லக்கை இறுக்கமாக அமுக்குங்கள். 100 அம்பியர் ஓடும்போது ஒரு மூட்டில் ஆயிரத்தில் ஒரு ஓம் இருந்தாலே 10 வாட் சூடு அந்த ஒரே இடத்தில் ஏறும். வாவிக் காற்றில் செம்பு சீக்கிரம் பச்சை பிடிக்கும், வெள்ளீயம் பூசிய லக்காகப் பார்த்து எடுங்கள்.

ஓந்தாச்சிமடத்தான்:
நன்றி அண்ணன்மார். கடையில் இரண்டு பின் ப்ளக் பொயின்ற்தான் இருக்கிறது, அது போதுமா? லொறிக்கு 24 வோல்ட் வேண்டுமென்றால் இன்னொன்று வாங்கித் தொடுக்கலாமா?

கல்முனை வயர்மேன்:
இரண்டுக்கும் இல்லை. இதன் மைனஸ் பெட்டியின் பொடியோடு சேர்ந்தது, பொடி ஏர்த்தோடு சேர்ந்தது. ஏர்த் இல்லாவிட்டால் உள்ளே உள்ள ஃபில்டர் கப்பாசிட்டர் வழியாகக் கசிவு மைனஸுக்கு வரும், மைனஸ் கிளிப்பை வண்டிப் பொடியில் மாட்டுவீர்கள், ஈரத்தரையில் நின்று கதவைத் தொடுகிற வாடிக்கையாளருக்கு சுரீர் என்று இழுக்கும். ஏர்த் உள்ள 13 அம்பியர் பொயின்ற் ஒன்று, ட்ரிப் சுவிட்சும் வேலை செய்ய வேண்டும்.

இரண்டைத் தொடுத்தால் மேலே உள்ளதன் மைனஸ் கீழே உள்ளதன் பிளஸில் நிற்கும், இரண்டு மைனஸும் ஏர்த்தில்தானே, கீழே உள்ளது அப்படியே ஷோர்ட் ஆகிவிடும். ஏர்த்தை வெட்டினால் ஓடும் என்று வீடியோக்களில் காட்டுவார்கள், ஆட்கள் வந்துபோகிற கடையில் அதைச் செய்யவே கூடாது. லொறி வேலைக்கு 24 வோல்ட் சப்ளை தனியாகத் தேடுங்கள். ஏர்த் அடித்து முடித்ததும் மீட்டரால் பொடிக்கும் ஏர்த் பின்னுக்கும் தொடர்பு பார்த்துவிட்டுச் சொல்லுங்கள், பியூஸ் பெட்டி எப்படி அடுக்குவது என்று படம் போடுகிறேன்.