மின்ட் சிக்னல்ல அறை வாங்குன பிளாக் பெல்ட்: கிளாஸ்ல கத்துக்குற சண்டை ரோட்ல உதவுமா?

கொருக்குப்பேட்டை அண்ணன்:
எல்லாருக்கும் வணக்கம். மேட்டர் இதான். என் தம்பி சின்ன வயசுலேந்து கராத்தே போறான், பிளாக் பெல்ட் வாங்கிட்டான், வீட்டு ஷோகேஸ்ல கப்பு வைக்க இடம் இல்ல. போன வாரம் நம்ம வடசென்னை மின்ட் சிக்னல்ல இவன் வண்டி கண்ணாடி எவனோ ஒருத்தன் ஹேண்டில்பார்ல லைட்டா உரசிடுச்சு. அந்த ஆளு வண்டிய சைடு ஸ்டாண்ட் போட்டுட்டு பொறுமையா எறங்கி வந்து செவுள்ல ஒண்ணு விட்டான். ஒண்ணே ஒண்ணு தான். இவன் ரெண்டு கையும் கிளட்ச்சையும் பிரேக்கையும் புடிச்சிகினே இருந்துச்சாம், ஹெல்மெட் டேங்க் மேல. பின்னாடி ஹாரன் அடிக்க ஆரம்பிச்சதும் அந்தாளு ஏறி போயிட்டான். மாஸ்டர் கிட்ட சொன்னா அதுக்கு பேர் தான் செல்ஃப் கண்ட்ரோல், பெருமைப்படுங்கன்றாரு. எனக்கு அப்படி தெரியல, பையன் மூணு வேளையும் சரியா சாப்பிட மாட்றான். மாச ஃபீஸு, பெல்ட் டெஸ்ட்டுக்கு தனி துட்டு, டிரஸ்ஸுக்கு தனின்னு எவ்ளோ கொட்டியிருக்கோம். உண்மைய சொல்லுங்க, இந்த கிளாஸுங்க எதுனா ரோட்ல உதவுமா உதவாதா?

ராயபுரம் லெஃப்ட்ஹூக்:
அண்ணாத்த, தம்பி மேல தப்பே இல்ல. அவன் மூஞ்சில இதுவரைக்கும் எவனும் நெஜமா கை வச்சதில்ல, அதான் மேட்டரு. பாயிண்ட் கராத்தேன்னு ஒண்ணு வச்சிருக்காங்க பாரு, அதுல தொட்டுட்டு கத்தினா பாயிண்ட், அழுத்தி அடிச்சா தப்பு. 2021ல டோக்கியோ ஒலிம்பிக்ஸ் பாத்தியா, 75 கிலோவுக்கு மேல ஃபைனல், சவுதிக்காரரு ஹமேதி 4-1 லீடிங்ல இருந்தாரு, ஒரு உதை விட்டாரு, ஈரான்காரரு கஞ்ஜாதே அப்படியே மல்லாந்துட்டாரு. இன்னா ஆச்சு? ஓவரா அடிச்சிட்டன்னு உதைச்சவர டிஸ்குவாலிஃபை பண்ணிட்டாங்க, ஸ்ட்ரெச்சர்ல போனவருக்கு கோல்டு. இந்த ரூல்ல வளந்த பையன் மின்ட் சிக்னல்ல இன்னா பண்ணுவான் சொல்லு.

எங்க பாக்ஸிங்ல கிளவுஸ் மாட்டி ரிங்குல ஏத்திட்டா முத நாளே மூக்குல வாங்கிடுவான். கண்ணு தானா மூடும், தல தானா திரும்பும், மூச்சு நின்னு போகும். வாத்தியார் வெளியிலேந்து கார்டு தூக்கு, கார்டு தூக்குன்னு, அதான் கைய மூஞ்சிக்கு மறைப்பா தூக்குன்னு கத்திகினே இருப்பாரு, ஒண்ணும் காதுல வுழாது. அப்புறம் அடி வாங்கி வாங்கி ஒரு நாள் பாத்தா கை வரும்போது கண்ணு தொறந்தே இருக்கும். அந்த ஒண்ணு தான் ரோட்ல உதவுறது, பஞ்ச்சு எல்லாம் அப்புறம். சும்மாவா சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரைன்னு இந்த ஊரு ரெண்டு பட்டு நின்னுச்சு. 1980ல முகமது அலியே நேரு ஸ்டேடியத்துக்கு வந்து ஜிம்மி எல்லிஸ் கூட காட்சி போட்டி ஆடிட்டு போனாரு, எந்த ஊருக்கு அந்த கொடுப்பினை இருக்குது.

கம்பு மாமா:
தம்பி லெஃப்ட்ஹூக்கு, நீங்க சொன்ன கதையிலயே உங்களுக்கு எதிரா ஒண்ணு இருக்கு, கவனிச்சீங்களா. அந்த உதை விழுந்ததும் ஆள் மயங்கிட்டாரு தானே? அப்ப கராத்தே உதை வேலை செஞ்சிருக்கு, ரூல்புக்கு தான் அது பிடிக்கல. கலையையும் அந்த போட்டி ரூலையும் ஒண்ணா போட்டு குழப்பாதீங்க.

நான் வியாசர்பாடி பக்கம் பசங்களுக்கு சிலம்பம் சொல்லித்தரேன். எங்க கிட்ட மொதல்ல கம்பே குடுக்க மாட்டோம், காலடி தான், மாசக்கணக்குல காலடி. எதிராளி கை எட்டுற தூரம் எது, எட்டாத தூரம் எதுன்னு காலுக்கு தெரியணும். அந்த மின்ட் ஆளு வண்டிய ஸ்டாண்ட் போட்டு, எறங்கி, நடந்து வந்திருக்கான், அவ்ளோ நேரம் இருந்திருக்கு. தம்பி அதுக்குள்ள வண்டிய விட்டு எறங்கி ரெண்டடி பின்னால போயிருந்தா அறையே எட்டியிருக்காது. இன்னொண்ணு, கிளவுஸும் பேண்டேஜும் இல்லாம வெறுங்கையில மண்டைய குத்திப் பாருங்க, சுண்டு விரலுக்கு கீழ இருக்குற எலும்பு தான் மொதல்ல போகும். உள்ளங்கை அடிப்பாகத்தால அடின்னு குத்துவரிசையில, அதான் நம்ம வெறுங்கை சண்டைக் கலைல, சும்மா சொல்லி வைக்கல. 2024 ஜனவரியில கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டு போட்டி நம்ம ஊர்ல நடந்தப்ப சிலம்பத்த டெமோ விளையாட்டா சேத்தாங்க, ஆனா நம்மாளுங்களுக்கு மட்டும் அது இன்னும் ஸ்கூல் ஆண்டுவிழா ஐட்டம் தான்.

ஓடு ராசா:
ரெண்டு பேரும் அவங்க அவங்க கடை சரக்க வித்துட்டீங்க. இப்ப நான் ஒண்ணு கேக்குறேன், நம்ம ஏரியால தனியாளா எவன் சண்டைக்கு வரான்? ஒருத்தன் கிட்ட ஒரண்டை இழுத்தா பத்து நிமிஷத்துல நாலு வண்டில எட்டு பேரு வரான், அதுல எவன் இடுப்புல பொருள் இருக்கும்னு உனக்கு தெரியுமா? கத்தி குத்து வாங்குனவன் நெறைய பேரு மொதல்ல கையால குத்துனான்னு தான் நெனச்சிருப்பான், சட்டை நனைஞ்சப்புறம் தான் தெரியும். நீ லெஃப்ட் ஹூக்கு வச்சிக்கினு அங்க இன்னா பண்ணுவ. கம்பு மாமா, நீங்க எங்க போனாலும் ஆறடி கம்ப எடுத்துகினு 57 நம்பர் பஸ்ல ஏறுவீங்களா?

எனக்கு தெரிஞ்ச பெரிய கலை ஓட்டம். வாய மூடிக்கினு சாரிண்ணா சொல்லிட்டு கெளம்புறது ரெண்டாவது கலை. அப்புறம் அந்த ஹெல்மெட்ட டேங்க் மேல வைக்காம தலைல போட்டிருந்தா அறை எங்க வுழுந்திருக்கும், அறைஞ்சவன் கை தான் வீங்கியிருக்கும். ஃபைனும் மிச்சம். அலி வந்தாரு போனாரு, அவரு மின்ட்ல பைக் ஓட்டல.

ராயபுரம் லெஃப்ட்ஹூக்:
ஹெல்மெட் மேட்டரு கரெக்டு, ஒத்துக்கிறேன். ஆனா ராசா, ஓடுறேன் ஓடுறேன்றியே, எவ்ளோ தூரம் ஓடுவ? பிரியாணி துன்னுட்டு தொப்பைய தூக்கிகினு மூலக்கடை மேம்பாலம் வரைக்கும் ஓடிக் காட்டு பாப்போம். நாங்க விடிகாலைல காசிமேடு கடல் ஓரமா ஓட்றோம், கயிறு தாண்டுறோம், தண்டால் பஸ்கி எடுக்குறோம். ஓட்றதுக்கும் மூச்சு வேணும் நைனா. பயத்துல நெஞ்சு அடிக்கிற அடியிலயே பாதி பேருக்கு அரை நிமிஷத்துல கை கால் கல்லா போய்டும், பழக்கம் இல்லாதவன் ஓடக்கூட மாட்டான், நிப்பான். தம்பி நின்ன மாதிரி.

கத்திக்கு எவனும் கேரண்டி குடுக்க முடியாது, அத சொல்லித்தரேன்னு போஸ்டர் ஒட்டுறவன நம்பாத. அதுல நீ சொல்றது தான் சரி.

புடி மாஸ்டர்:
யாருமே மல்யுத்தம், ஜூடோ பத்தி பேசலயே. எந்த கை கலப்பும் ரெண்டு மூணு அடிக்கு அப்புறம் சட்டைய புடிச்சி இழுக்குறதுல தான் போய் நிக்கும், புடிச்சிட்டா பாக்ஸருக்கு கைய வீச இடமே இல்ல. 1993ல அமெரிக்கால டென்வர்ல மொத யூஎஃப்சி நடந்துச்சு, எல்லா சண்டை ஸ்டைல் ஆளுங்களையும் ஒரே கூண்டுல மோத விடுற போட்டி, வெயிட் கேட்டகிரி கிடையாது, டைம் லிமிட் கிடையாது, கடிக்கக்கூடாது கண்ண நோண்டக்கூடாது அவ்ளோ தான் ரூலு. ஒல்லியா ஜூடோ டிரஸ் மாதிரி ஒண்ண போட்டுகினு வந்த பிரேசில்காரரு ஹாய்ஸ் கிரேசி ஒரே ராத்திரில மூணு பேர புடிச்சே அடங்க வச்சாரு, அதுல ஒருத்தரு பாக்ஸரு. அது ஏன்னா அவங்க டெய்லி பிராக்டிஸே முழு பலத்தோட எதுத்து முண்டுற ஆள் கூட தான். 1882லயே ஜப்பான்ல கானோ ஜூடோ ஆரம்பிச்சப்ப ஆபத்தான அடிய எல்லாம் தனியா ஒதுக்கிட்டு மிச்சத்த நெஜமா மோதி பழகுற மாதிரி வச்சாரு. ஆள கொல்ற வித்தை எங்க கிட்ட இருக்கு ஆனா பழக முடியாதுன்னு சொல்றவன விட, பழக முடிஞ்ச நாலு பிடிய தெனம் பழகுறவன் தான் ரோட்ல தேறுவான்.

ராயபுரம் லெஃப்ட்ஹூக்:
கிரேசி கதை சூப்பரு, ஆனா அங்க கீழ மெத்தை இருந்துச்சு, எதுக்க ஒரே ஆளு. நீ வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்ல ஒருத்தன கட்டிகினு கீழ உருளு, அவன் கூட்டாளி வந்து உன் மண்டைய ஃபுட்பால் ஆடிட்டு போவான். நின்னுகினு அடிச்சா தான் வழி பாத்து ஓடலாம்.

புடி மாஸ்டர்:
கீழ போறது எப்படின்னு பழகுனவனுக்கு தான் கீழ போகாம நிக்கிறதும், போனா எழுந்துக்கிறதும் தெரியும். ஜூடோல மொத பாடமே விழுற பாடம், தாடைய நெஞ்சுல ஒட்டி, கையால தரைய அறைஞ்சு. ரோட்டு சண்டைல செத்தவன் கேஸ எடுத்து பாரு, பல கேஸ்ல குத்து சாதாரண குத்து தான், சாஞ்சப்ப பின்மண்டை சிமென்ட்டுல மோதினது தான் ஆள முடிச்சிருக்கும்.

வண்ணாரப்பேட்டை வக்கீல்:
புடி மாஸ்டர் கடைசி வரி தான் எங்க பொழப்பு. எல்லாரும் அடி வாங்குனா என்ன ஆகும்னு பேசுறீங்க, அடிச்சிட்டா என்ன ஆகும்னு ஒருத்தரும் கேக்கல.

தம்பி திருப்பி ஒண்ணு விட்டு அந்த ஆளு பல்லு ஒண்ணு ஆடியிருந்தா வேணாம், உடைஞ்சிருந்தா? 2024 ஜூலை 1லேந்து பழைய ஐபிசி, அதான் இந்திய தண்டனைச் சட்டம், போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்துடுச்சு. அதுல 116வது பிரிவு, எலும்போ பல்லோ முறிஞ்சாலே கொடுங்காயம், ஐபிசிலயும் அப்படி தான் இருந்துச்சு. 117(2)ல ஏழு வருஷம் வரைக்கும் போகலாம். வெறும் அறையா இருந்தா 115(2), ஒரு வருஷம் வரைக்கும், இல்ல பத்தாயிரம் ரூபா வரைக்கும் ஃபைன், இல்ல ரெண்டும். தற்காப்பு உரிமை 34லேந்து 44 வரைக்கும் இருக்கு, இல்லன்னு சொல்லல, ஆனா 37ல தெளிவா போட்டிருக்கான், தற்காப்புக்கு தேவையான அளவுக்கு மேல அடிக்கக்கூடாது. அறைஞ்சிட்டு திரும்பி வண்டி கிட்ட நடக்குறவன பின்னாலேந்து உதைச்சா அது தற்காப்பு இல்ல, அது பழி வாங்குறது. அதுக்கப்புறம் அவன் ஆஸ்பத்திரில போய் ஏ.ஆர். காப்பி, அதான் காயத்த பதிவு பண்ற ஆக்சிடென்ட் ரிஜிஸ்டர் சீட்டு, போட்டுட்டு வருவான், நீங்க கவுண்டர் கேஸ் குடுப்பீங்க, பையனுக்கு பாஸ்போர்ட் வெரிஃபிகேஷன், கவர்மென்ட் வேலைன்னு வரும்போது அந்த எஃப்ஐஆர் முன்னாடி வந்து உக்காரும். கூடவே பிளாக் பெல்ட் சர்டிபிகேட்ட எதிர் தரப்பு வக்கீல் கோர்ட்ல காட்டுவாரு. நானா இருந்தா கண்டிப்பா காட்டுவேன்.

ஓடு ராசா:
வக்கீல் சார் என் கட்சி. 🙏

வடசென்னை வாயாடி:
இவ்ளோ நேரம் படிச்சேன், ஆம்பளைங்க எல்லாரும் சிக்னல்ல இறங்கி நெஞ்ச நிமித்துற சண்டைய மட்டும் தான் சண்டைன்னு நெனச்சுட்டு இருக்கீங்க. சாரி சொல்லிட்டு போயிடு, ஓடிடு, இதெல்லாம் உங்களுக்கு ஓகே. எனக்கு வர்ற பிரச்சன சிக்னல்ல வராது. ராத்திரி கொருக்குப்பேட்டை ஸ்டேஷன் படிக்கட்டுல பின்னாடியே வந்து கைய புடிக்கிறவன் கிட்ட நான் சாரி சொல்லணுமா? ஓட்டம்னு சொல்றாரே ராசா, புடவைல, பேக்கோட, ஒருத்தன் மணிக்கட்ட இறுக்கி புடிச்சிருக்கும்போது எங்க ஓடுறது?

நான் கொஞ்ச நாள் ஜூடோ போனேன், கல்யாணத்துக்கு முன்னாடி. பெருசா ஒண்ணும் கத்துக்கல, விட்டும் போச்சு. ஆனா ஒருத்தன் கைய புடிச்சா எதிர்ப்பக்கம் இழுக்காம அவன் கட்டைவிரல் பக்கமா திருப்பி உருவணும்னு உடம்புக்கு பதிஞ்சிடுச்சு, அங்க தான் பிடி லூசா இருக்கும். அந்த படிக்கட்டுல யோசிச்சு பண்ணல, கை தானா உருவிடுச்சு. அதே நேரத்துல வயித்துலேந்து ஒரு கத்து கத்துனேன் பாருங்க, கீழ பூக்கடைக்காரம்மா எழுந்து நின்னுட்டாங்க, அவன் படியேறி மேல ஓடிட்டான். பள்ளிக்கூடத்துல போட்டு காட்டுற கராத்தே டெமோவுல ஓடு உடைக்கிறாங்களே, எந்த ஓடு என் கைய புடிக்கப்போகுது? சத்தமா கத்துறத ஒரு கிளாஸ்லயாவது பொண்ணுங்களுக்கு பழக்குறாங்களா?

கம்பு மாமா:
அம்மா, கத்துறத கராத்தேல பழக்குவாங்க, அத தான் பசங்க கிண்டல் பண்றானுங்க. மத்தபடி நீங்க சொன்னது சரி. கைப்பிடி உருவுறத எங்க குத்துவரிசைலயும் பழகலாம், ஆனா புடிக்கிறவன் நெஜமா இறுக்கி புடிக்கணும். பொண்ணுங்கன்னா எங்க பசங்க பூ மாதிரி புடிச்சிட்டு விட்டுடுறாங்க, அத நான் திட்டி திட்டி தான் மாத்திட்டு இருக்கேன்.

ராயபுரம் லெஃப்ட்ஹூக்:
மாமா, இத்த தான நான் முதலேந்து சொல்றேன். எதுத்து நிக்கிறவன் நெஜமா பண்ணா தான் பழக்கம், எந்த கிளாஸா இருந்தா இன்னா.

கம்பு மாமா:
நீங்க முதல்லேந்து சொன்னது பாக்ஸிங் தான் பெருசுன்னு. மேல போய் படிச்சு பாருங்க.

கொருக்குப்பேட்டை அண்ணன்:
வக்கீல் சார் போட்டத தம்பி கிட்ட படிச்சு காட்டுனேன், அந்த பல்லு மேட்டர் கேட்டுட்டு மொத தடவையா சிரிச்சான். நல்ல வேளை நான் அடிக்கலன்றான். ஆனா கராத்தேவ விட மாட்டேன்றான், அங்க இருக்குற ஃப்ரெண்ட்ஸுக்காகவாம். மாஸ்டர் கிட்ட கிளவுஸ் போட்டு மூஞ்சில நெஜமா அடிச்சு பழகுற ஸ்பாரிங் வைப்பீங்களான்னு கேட்டேன், இன்சூரன்ஸ் இல்ல, பேரண்ட்ஸ் சண்டைக்கு வருவாங்கன்றாரு. சோ காலைல பாக்ஸிங், சாயந்திரம் பழைய கிளாஸ்னு வச்சுக்கலாம்னு ஐடியா. லெஃப்ட்ஹூக் தம்பி, உங்க இடத்துல புது ஆள சேத்துக்குவாங்களா, ஃபீஸு எவ்ளோ? அந்த கண்ட்ரோல்னு சொன்ன மாஸ்டருக்கு இன்னும் ரெண்டு மாச ஃபீஸ் அட்வான்ஸ் குடுத்து வச்சிருக்கேன், அது வேற.

ராயபுரம் லெஃப்ட்ஹூக்:
ஃபீஸ வாத்தியார் கிட்ட பேசிக்கலாம், அவரு துட்டுக்கு பாக்குற ஆள் இல்ல. டீத் கார்டு மட்டும் சொந்தமா வாங்கிகினு வரச்சொல்லு, அடுத்தவன்து கேட்டா குடுக்க மாட்டான். வந்ததும் கிளவுஸ் குடுன்னு நச்சரிக்கக்கூடாது, முதல்ல கயிறும் ஓட்டமும் தான்.

வடசென்னை வாயாடி:
அங்க லேடீஸ் பேட்ச் இருக்கா? என் பொண்ணுக்கு இல்ல, எனக்கு தான். இருக்குன்னா டைமிங் போடுங்க, இல்லன்னா ஏன் இல்லன்னு உங்க வாத்தியார கேட்டு சொல்லுங்க.