1994 சட்டத்தால்தான் சவுதி பணிந்ததா?

வைகறை: "அமெரிக்கா 1994-இல் சட்டம் போட்டு ஆயுதத்தை நிறுத்தியது, சவுதி பயந்து இஸ்ரேலைப் புறக்கணிப்பதைக் கைவிட்டது" என்று நேற்று ஒருவர் எழுதியிருக்கிறார். படித்ததும் எரிச்சல்தான் வந்தது. எந்த ஆயுதம் நின்றது? 72 அமெரிக்க எஃப்-15 போர் விமானங்கள் 1995 முதல் சவுதிக்குப் போனதே. அதில் ஒன்றாவது நின்றதா?

மாறன்: எழுதியது நான்தான். இஸ்ரேலைப் புறக்கணிக்கச் சொல்லி அமெரிக்கக் கம்பெனிகளுக்குக் கடிதம் அனுப்பும் நாடுகளுக்கு ஆயுதம் விற்கக் கூடாது என்ற சட்டம் ஏப்ரலில் வந்தது. செப்டம்பர் 30-இல் சவுதி உட்பட வளைகுடா ஒத்துழைப்பு அமைப்பின் ஆறு நாடுகளும், இஸ்ரேலோடு வியாபாரம் செய்யும் பிற நாட்டுக் கம்பெனிகளை இனி ஒதுக்க மாட்டோம் என்று அறிவித்தன. அந்த விமானங்கள் 1992 ஒப்பந்தம். பின்னால் வந்த சட்டம் அதை எப்படி நிறுத்தும்? படித்துவிட்டு வாருங்கள்.

வைகறை: படித்துவிட்டுத்தான் வருகிறேன். இஸ்ரேலும் பாலஸ்தீனர்களும் செய்துகொண்ட 1993 ஒஸ்லோ சமாதான ஒப்பந்தம் உங்கள் கணக்கில் இல்லையா? புறக்கணிப்பு தளர்ந்ததற்கு அது காரணமாக இருக்கக் கூடாதா? ஆயுதத் தடை 1995 ஏப்ரலில்தான் அமலுக்கே வந்தது. அப்போதும் தேசிய நலன் என்று சொல்லி அதிபர் ஓராண்டு விலக்கு தரலாம். சரி, புது விற்பனையில் எந்த விமானம் நின்றது?

துறைமுகத்தான்: கப்பல் ஆவணங்களோடு மல்லுக்கட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன். சென்னையிலிருந்து வளைகுடாவுக்குச் சரக்கு அனுப்பினால், "இந்தக் கப்பல் இஸ்ரேல் துறைமுகம் எதையும் தொடாது" என்று கப்பல் கம்பெனியின் கடிதம் வேண்டும் என எல்.சி.யிலேயே, அதாவது சரக்குக்குப் பணம் தர வங்கி கொடுக்கும் உறுதிக் கடிதத்திலேயே, போட்டிருப்பார்கள். அது இல்லாவிட்டால் வங்கியில் பணம் வாங்க முடியாது. 1994-க்குப் பிறகும் இதே கதைதான்.

மாறன்: அண்ணே, அது அமெரிக்கக் கம்பெனிகளுக்குப் புறக்கணிப்புக் கடிதம் அனுப்பும் நாடுகளுக்கான சட்டம். உங்கள் சென்னைச் சரக்கு இதில் எங்கே வந்தது?

துறைமுகத்தான்: உங்களிடம் எதைச் சொன்னாலும் இதே பதில்தான். போன மாதம் சூயஸ் விவாதத்திலும் இப்படித்தான் நழுவினீர்கள்.

மாறன்: சூயஸில் நழுவியது யார் என்று படித்தவர்களுக்குத் தெரியும்.

செல்வி: இஸ்ரேலோடு வியாபாரம் செய்ததற்காக அரபு நாடுகள் போட்ட கறுப்புப் பட்டியலிலிருந்து கோக் வெளியே வந்தது 1991-இல். அதுவரை அரபு நாடுகளில் பெப்சி ராஜ்ஜியம். அதுவும் இந்தச் சட்டத்தின் சாதனையா?

மாறன்: பெப்சி பேச்சு இங்கே எதற்கு? அமீரகம் 2020-இல் தன் புறக்கணிப்புச் சட்டத்தை ரத்து செய்ததும் அமெரிக்காவின் எஃப்-35 போர் விமானப் பேரம் வந்ததே, அதைப் பேசுங்கள்.

வைகறை: அந்த எஃப்-35 பேச்சை 2021 டிசம்பரில் அமீரகமே நிறுத்தி வைத்தது, தம்பி. அப்புறம், புறக்கணிப்பு நாடுகள் என்று அமெரிக்க நிதித்துறை வெளியிடும் பட்டியலில் 30 ஆண்டு கழித்தும் சவுதி இருந்தது. கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை. எந்த விமானம் நின்றது?

மாறன்: தம்பி என்று கூப்பிடும் வேலை வேண்டாம். ஏப்ரலில் சட்டம், செப்டம்பரில் அறிவிப்பு. அதற்கு முதலில் பதில் சொல்லுங்கள்.

வைகறை: ஒஸ்லோ என்று சொன்னேனே. எந்த விமானம்?